ஸ்க்ரீன்ல ஒரு கலர், பேப்பர்ல ஒரு கலர்: ஆபீஸ் பிரிண்டர் கேள்வி பதில்

கலர் பிரிண்டர் பத்தி கொஞ்ச நாளா கேள்வி வந்து குவியுது. துணி கம்பெனி, பள்ளிக்கூடம், பட்டுப் புடவை கடைன்னு எல்லா பக்கமும் இதே புலம்பல்தான். அதனால இந்த வாரம் வேற எந்த சப்ஜெக்ட்டும் எடுக்கல.

கேள்வி: நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கேன் சார். பையர் அனுப்பற டெக் பேக்கை (டிசைன், கலர் விவரமெல்லாம் இருக்கற ஃபைல்) ஆபீஸ் கலர் லேசர்ல பிரிண்ட் எடுத்து டையிங் யூனிட்டுக்கு குடுப்போம். போன ஆர்டர்ல அந்த பிரிண்ட்ல இருந்த ஆரஞ்சை பார்த்து லேப் டிப் (சாம்பிள் சாயத் துணி) போட்டுட்டாங்க, பையர் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. ஸ்க்ரீன்ல பளிச்சுனு இருக்கற ஆரஞ்சு பேப்பர்ல செங்கல் கலரா வருது. பிரிண்டரை எப்படி செட் பண்ணா கரெக்ட் கலர் வரும்? – வாசகி, திருப்பூர்

பதில்: செட்டிங்குக்கு அப்புறம் வரேன்மா, அதுக்கு முன்னாடி ஒண்ணு. டையிங்குக்கு கலர் காட்டறதுக்காக அந்த பிரிண்ட்டை குடுக்கற பழக்கத்தை இன்னையோட விட்டுடுங்க. எவ்வளவு விலை குடுத்து வாங்கின மெஷினா இருந்தாலும், எவ்வளவு பார்த்து பார்த்து செட் பண்ணாலும், ஆபீஸ் பிரிண்ட் அவுட் ஷேடு கார்டு ஆகாது.

ஏன்னா ஸ்க்ரீன் கலரை உண்டாக்கறது வெளிச்சத்தால, சிவப்பு பச்சை நீலம் மூணு வெளிச்சத்தையும் கூட்ட கூட்ட பிரகாசம் ஏறிக்கிட்டே போய் கடைசியில வெள்ளையாகும். பேப்பர்ல நடக்கறது நேர் எதிர். மேல விழற வெளிச்சத்துல இருந்து சியான் டோனர் சிவப்பை உறிஞ்சும், மெஜந்தா பச்சையை உறிஞ்சும், மஞ்சள் நீலத்தை உறிஞ்சும், மிச்சம் திரும்பி வர்றதுதான் நம்ம கண்ணுக்கு தெரியற கலர். டோனர் சேர சேர இருட்டுதான் கூடும். அதுவும் எந்த டோனரும் சுத்தமா ஒண்ணை மட்டும் உறிஞ்சறதில்ல, பக்கத்துல இருக்கறதையும் கொஞ்சம் சேர்த்து முழுங்கிடும். அதனால பளீர்னு இருக்கற ஆரஞ்சு, கிளிப்பச்சை, ஊதா பக்கம் சாயற நீலம் இதெல்லாம் கருப்போட சேர்த்து நாலு டோனரை எப்படி கலந்தாலும் எட்டாத எடத்துல நிக்குது. ஆஃப்செட்லயும் இதே கதைதான், அதுக்காகத்தான் 1994-ல பான்டோன் கம்பெனி ஆரஞ்சும் பச்சையும் தனியா சேர்த்து ஹெக்ஸாக்ரோம்னு ஆறு கலர் முறையே கொண்டு வந்தாங்க. ஃப்ளோரசன்ட் கலர் துணின்னா சுத்தமா ஆசையே வேண்டாம், அது கண்ணுக்கு தெரியாத புற ஊதாவை வாங்கி தெரியற வெளிச்சமா திருப்பி அனுப்பற சாயம், சாதாரண டோனருக்கு அந்த வேலையே தெரியாது.

டையிங்குக்கு குடுக்க வேண்டியது நம்பர். பையர் டெக் பேக்ல 19-4052 டிசிஎக்ஸ் மாதிரி ஒரு பான்டோன் நம்பர் போட்டிருப்பாங்க பாருங்க, அதுல முதல் ரெண்டு இலக்கம் அந்த கலர் எவ்வளவு வெளிர் எவ்வளவு அடர்த்திங்கறதை சொல்லுது, 11 பக்கம் வெளிர், 19 பக்கம் அடர்த்தி. நடுவுல ரெண்டு எந்த கலர்ங்கறது, கடைசி ரெண்டு அது எவ்வளவு பளிச்சுங்கறது. டிசிஎக்ஸ்னா காட்டன் துணியில சாயம் போட்ட ஸ்வாட்ச், டிபிஜின்னா பேப்பர்ல அடிச்சது. ரெண்டுக்கும் நம்பர் ஒண்ணா இருந்தாலும் துணி வேற பேப்பர் வேறங்கறதால பார்க்க கொஞ்சம் வித்தியாசப்படும், அதனால பையர் எதை வெச்சு அப்ரூவ் பண்றாங்கன்னு ஒரு மெயில் போட்டு கேட்டு வாங்கிக்கோங்க. துணி ஸ்வாட்ச்சை டையருக்கு அனுப்புங்க, லைட் பாக்ஸ்ல (கலர் பார்க்கற விளக்குப் பெட்டி) எந்த வெளிச்சத்துல பார்க்கணும்னும் எழுதுங்க, பகல் வெளிச்சம் மாதிரி இருக்கற டி65-ஆ, கடை டியூப்லைட் மாதிரி இருக்கற டிஎல்84-ஆன்னு. ஐரோப்பா கடைகளுக்கு போற சரக்குன்னா நிறைய பேர் டிஎல்84 கேப்பாங்க, அவங்க கடைகள்ல ரொம்ப நாளா இருந்த லைட் அந்த மாதிரி. வெயில்ல ஒண்ணா தெரியற ரெண்டு துணி கடை லைட்ல தனித்தனியா பிரிஞ்சு நிக்கறது உங்க ஊர்ல தெரியாத ஆள் கிடையாது.

இன்னொண்ணு, லேப் டிப்பை மெஷின்ல அளக்கறப்ப டெல்டா ஈ, அதாவது ரெண்டு கலருக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தோட அளவு, சிஎம்சிங்கற கணக்குல 1-க்குள்ள இருக்கணும்னு நிறைய பையர்கள் கேக்கறாங்க. ஆபீஸ் லேசர் காலையில அடிச்ச பக்கத்துக்கும் சாயந்திரம் அடிச்ச பக்கத்துக்கும் நடுவுலயே அதை விட அதிகமா ஆடும். அப்படி ஆடற ஒண்ணை அளவுகோலா வெச்சு இன்னொருத்தர் சாயம் காய்ச்சினா அந்த டையரை குத்தம் சொல்ல நமக்கு வாயே கிடையாது. டெக் பேக் பிரிண்ட்ல ஒவ்வொரு கலர் கட்டத்துக்கும் கீழ "கலருக்கு நம்பரை பார்க்கவும், இந்த பிரிண்ட்டை பார்க்க வேண்டாம்"னு பெரிய எழுத்துல ஒரு வரி போட்டுடுங்க.

இப்ப செட்டிங். ஆரஞ்சு கொஞ்சம் மங்கறது டோனரோட குணம், ஆனா செங்கல் வரைக்கும் போகுதுன்னா எங்கயோ ரெண்டு தடவை கலர் மாறுதுன்னு சந்தேகப்படறேன். ஃபைல்ல இருக்கற கலரை பிரிண்டர் கலரா மாத்தற வேலையை ஒரே ஒரு எடம்தான் செய்யணும். ஃபோட்டோஷாப்பும் மாத்தி, பிரிண்டர் டிரைவரும் மாத்தினா, சாம்பார்ல ரெண்டு பேர் தனித்தனியா உப்பு போட்ட மாதிரி ஆயிடும். ஃபோட்டோஷாப்ல "ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்" வெச்சா டிரைவர்ல கலர் கரெக்‌ஷனை ஆஃப் பண்ணிடுங்க. உங்க மெஷினுக்கும் உங்க பேப்பருக்கும் தனியா ஐசிசி ப்ரொஃபைல், அதாவது அந்த மெஷின் கலரை எப்படி காட்டும்னு சொல்ற ஃபைல், இல்லேன்னா (ஆபீஸ்ல பெரும்பாலும் இருக்காது) பொறுப்பை டிரைவர்கிட்டயே விட்டுட்டு, அக்ரோபேட் பிரிண்ட் விண்டோல அட்வான்ஸ்டுக்குள்ள போய் "பிரிண்டர் கலர் மேனேஜ்மென்ட்" வெச்சு, டிரைவர்ல ஆர்ஜிபிக்கு (ஸ்க்ரீனோட சிவப்பு, பச்சை, நீலம் கணக்கு) எஸ்ஆர்ஜிபின்னு தேர்வு பண்ணுங்க. எஸ்ஆர்ஜிபிங்கறது 1996-ல ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து கொண்டு வந்த பொது அளவு, உங்ககிட்ட வர்ற பெரும்பாலான ஆபீஸ் ஃபைல் அதுலதான் இருக்கும். "விவிட்" மாதிரி இருக்கற ஆப்ஷன் வேண்டாம், டோனர் சேவ் கண்டிப்பா வேண்டாம். டெக் பேக் பிடிஎஃப்ல சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு கணக்கு) கலர் இருந்தா பிசிஎல் டிரைவரை விட போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் நல்லது (ரெண்டும் கம்ப்யூட்டர் பிரிண்டர்கிட்ட பேசற மொழி), பிசிஎல் வழியா போனா பெரும்பாலும் எல்லாத்தையும் ஆர்ஜிபி ஆக்கிட்டுதான் அனுப்பும், போஸ்ட்ஸ்கிரிப்ட்ல சிஎம்ஒய்கே நம்பர் அப்படியே மெஷின் வரைக்கும் போய் சேர வழி இருக்கு.

கேள்வி: எங்க ஸ்கூல் லோகோ நல்ல அடர் நீலம். வேர்டுல லெட்டர்ஹெட் போட்டு பிரிண்ட் எடுத்தா கத்தரிப்பூ கலர்ல வருது. சர்வீஸ்காரர் வந்து டோனர் மாத்தினார், டிரம் மாத்தினார், காசுதான் போச்சு. – பள்ளி அலுவலக ஊழியர், கும்பகோணம்

பதில்: டோனர்ல கோளாறு இருந்திருக்காது சார். உங்க லோகோவுல நீலம் 0, 0, 255-ன்னோ அதுக்கு பக்கத்துலயோ இருக்கும். அதை பிரிண்டர் மொழியில மாத்தினா சியான் முழுசு, மெஜந்தாவும் ஏறக்குறைய முழுசுன்னு வந்து நிக்கும், அந்த ரெண்டும் சம அளவுல சேர்ந்தா பேப்பர்ல கத்தரிப்பூதான். டிடிபி வேலை பார்க்கறவங்களை கேளுங்க, நீலம் நீலமா வரணும்னா மெஜந்தா சியானை விட முப்பது சதவீதமாவது கம்மியா இருக்கணும்னு சொல்லுவாங்க.

வேர்டுல சிஎம்ஒய்கே அளவை பிரிண்டர் வரைக்கும் கொண்டு போக முடியாது, அதனால ஆர்ஜிபியிலயே விளையாடணும். ஒரு டேபிள் போடுங்க, எட்டு கட்டம் அகலம் ஆறு கட்டம் உயரம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஃபில் கலர்ல ஒரு நீலம். இடமிருந்து வலமா பச்சை நம்பரை 0, 20, 40, 60-ன்னு ஏத்திக்கிட்டே போங்க, மேலிருந்து கீழா நீல நம்பரை 255, 230, 205-ன்னு இறக்குங்க, சிவப்பு 0 லயே இருக்கட்டும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் அந்த மூணு நம்பரையும் வெள்ளை எழுத்துல சின்னதா டைப் பண்ணுங்க. இப்ப லெட்டர்ஹெட் எடுக்கற அதே பேப்பர், அதே டிரே, அதே செட்டிங்ல பிரிண்ட் எடுத்து, ஆஃப்செட்ல அடிச்ச பழைய லெட்டர்ஹெட்டோ ப்ராஸ்பெக்டஸோ இருந்தா அதையும் எடுத்துக்கிட்டு ஜன்னலோரம் போய் நில்லுங்க, நேர் வெயில் வேண்டாம், நிழல் வெளிச்சம் போதும். பழைய லோகோவை ஒவ்வொரு கட்டத்து மேலயும் ஓரத்தை ஒட்டி வெச்சு நகர்த்திக்கிட்டே வந்தா ஒரு எடத்துல கோடு காணாம போற மாதிரி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேரும், அந்த நம்பரை குறிச்சுக்கோங்க. அந்த நம்பர் ஸ்க்ரீன்ல ஒருவேளை பச்சை கலந்த நீலமா தெரியும், பரவாயில்ல, உங்களுக்கு பேப்பர்தானே முக்கியம்.

ஆனா அந்த மாத்தின லோகோவை "இந்த பிரிண்டருக்கு மட்டும்"னு பேர் வெச்சு தனி ஃபைலா வைங்க. ஒரிஜினல் லோகோவை தொடவே தொடாதீங்க. இதை அழுத்தி சொல்றேன், ஏன்னா ஒரு மெஷினுக்காக ஒரிஜினலையே திருத்தி வெச்சிட்டு, அப்புறம் அதே ஃபைல் வெப்சைட்டுக்கும் பிளக்ஸ் கடைக்கும் போய், பச்சை நீலத்துல பேனர் தொங்கறது நிறைய எடத்துல நடக்குது. படத்தை திருத்தறது எப்பவும் கடைசி வழிதான். பேப்பர், டிரைவர், கேலிப்ரேஷன் (மெஷின் தன் கலரை அளந்து திருத்திக்கறது) மூணையும் சரி பண்ணி அப்படியே நிறுத்தின பிறகுதான் ஃபைல் பக்கம் கை வைக்கணும்.

சர்வீஸ்காரர் அடுத்த தடவை டிரம்மை கழட்டறதுக்கு முன்னாடி "எந்த பேட்ச் டெஸ்ட் பேஜ்ல தப்பா வருது, காட்டுங்க"ன்னு கேளுங்க. மெஷினோட சொந்த டெஸ்ட் பேஜ்ல சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு நாலும் கோடு இல்லாம திட்டு இல்லாம நல்லா வந்துச்சுன்னா பார்ட்ஸ் மாத்த வேண்டிய அவசியமே இல்ல.

கேள்வி: பட்டுப் புடவை போட்டோவை ஃபோன்ல எடுத்து வாட்ஸ்அப்ல கம்ப்யூட்டருக்கு அனுப்பி, கேட்லாக் மாதிரி பிரிண்ட் எடுத்து வெளியூர் கஸ்டமருக்கு அனுப்பறோம். எல்லாமே இருட்டா வருது. மயில் கழுத்து கலர் ஒரு தடவை கூட சரியா வந்ததில்ல. – வாசகர், காஞ்சிபுரம்

பதில்: இருட்டா வருதுன்னா தொண்ணூறு பங்கு மானிட்டர்தான் காரணம், பிரிண்டர் இல்ல. கடையில வாங்கின அன்னைக்கு இருந்த முழு பிரைட்னஸ்லயே ஓடிக்கிட்டு இருக்கும். வேர்டுல ஒரு வெத்து பக்கத்தை திறந்து வைங்க, பிரிண்டர் பேப்பர் ஒண்ணை எடுத்து ஸ்க்ரீன் பக்கத்துல பிடிங்க, ஸ்க்ரீன் வெள்ளை டார்ச் அடிச்ச மாதிரியும் பேப்பர் பழுப்பாவும் தெரிஞ்சா, ரெண்டும் ஏறக்குறைய ஒரே வெள்ளையா தெரியற வரைக்கும் பிரைட்னஸை இறக்குங்க. பிரிண்ட் வேலைக்கு மானிட்டரை 80-ல இருந்து 120 கேண்டெலா அளவுல வைக்கறது வழக்கம், ஆபீஸ் மானிட்டர் முழுசா வெச்சா 250-ஐ தாண்டி போகும். விண்டோஸ்ல நைட் லைட் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க, அது ஸ்க்ரீனையே மஞ்சளாக்கிடும், அதை பார்த்து நீங்க நீலத்தை கூட்டுவீங்க.

அடுத்தது ஃபோன். புது ஃபோன் ஸ்க்ரீன் எல்லாம் கலரை தூக்கலா காட்டற மாதிரிதான் செட் ஆகி வருது, டிஸ்ப்ளே செட்டிங்ல "நேச்சுரல்"னு இருந்தா மாத்துங்க. ஐஃபோன் 2016-ல வந்த 7-ல இருந்தே டிஸ்ப்ளே பி3ங்கற அகலமான கலர் அளவுல எடுக்குது, அந்த விவரம் வழியில எங்கயாவது கழண்டுடுச்சுன்னா பிரிண்ட்ல சிவப்பும் பச்சையும் சோகை பிடிச்ச மாதிரி வரும். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்புங்க, இல்ல கேபிள் போட்டு இறக்குங்க. கடை டியூப்லைட்டும் வாசல் வெயிலும் கலந்து விழற எடத்துல புடவையை விரிக்காதீங்க, ஒரே ஒரு வெளிச்சம் இருக்கற எடமா பாருங்க, ஓரத்துல ஒரு சாம்பல் கலர் கார்டு வெச்சு எடுத்தா அப்புறம் அதை கிளிக் பண்ணி ஒயிட் பேலன்ஸ் சரி பண்ணலாம்.

மயில் கழுத்துக்கு வரேன். அந்த கலர் ஒரு கலரே இல்லீங்க. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம், நீலமும் பச்சையுமோ ஊதாவும் பச்சையுமோ ஊடும் பாவுமா கலந்து, மடிப்பு திரும்ப திரும்ப மாறி மாறி மினுங்கறதுதான் அதோட அழகு, நெசவாளியோட கைவேலையே அங்கதான் இருக்கு. கேமரா ஒரு கோணத்தைதான் பிடிக்கும், பேப்பர் அந்த ஒரு கோணத்தையும் மட்டமாக்கிதான் காட்டும். அதனால ஒரே போட்டோவை திருத்தி திருத்தி உயிரை விடாதீங்க. தட்டையா விரிச்சு ஒண்ணு, மடிப்பு விட்டு சரிவா ஒண்ணு, முந்தானையை தூக்கிப் பிடிச்சு ஒண்ணுன்னு எடுத்து மூணையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க, கீழ பாவு என்ன கலர் ஊடை என்ன கலர்னு எழுதுங்க. ஜரிகையும் இதே மாதிரிதான், மெட்டாலிக் டோனர் இல்லாத மெஷின்ல தங்கம் மஞ்சள் பழுப்பாதான் விழும், ஜரிகை மேல வெளிச்சம் பட்டு சுருக்னு வெள்ளை தெறிக்கற மாதிரி எடுத்தா கண்ணு அதை தங்கம்னு எடுத்துக்கும். முடிஞ்சா ஒரு சாண் நூலையும் கேட்லாக்ல ஒட்டி அனுப்புங்க, வெளியூர்ல இருந்து நம்பி வாங்கறவங்களுக்கு அதை விட நேர்மையான கலர் கார்டு கிடையாது.

கேள்வி: ஒரே ஃபைல், ஒரே பிரிண்டர். காலையில ஒரு கலர், மத்தியானம் ஒரு கலர். மழை நாள்ல இன்னும் மோசம். – வாசகர், நாகர்கோவில்

பதில்: லேசர் பிரிண்டர்ல டோனர் பொடி நிலைமின்சாரத்தாலதான் டிரம்ல ஒட்டி பேப்பருக்கு வருது. காத்துல ஈரம் கூடினா அந்த சார்ஜ் குறையும், பேப்பரும் ஈரத்தை குடிச்சிட்டு டோனரை சரியா வாங்காது. ரீமை பிரிச்சு அலமாரியில திறந்து போடாதீங்க, மேலுறையை மடிச்சு மூடி வைங்க, டிரேல அன்னன்னைக்கு வேணுங்கறதை மட்டும் போடுங்க.

மெஷின் தானா கேலிப்ரேட் பண்ணிக்குமேன்னு கேப்பீங்க. பண்ணிக்கும், பெரும்பாலும் உள்ள இருக்கற பெல்ட் மேல சின்ன சின்ன கலர் கட்டம் போட்டு சென்சாரால அடர்த்தியை பார்த்துக்கும். ஆனா அதுக்கு உங்க பேப்பர் தெரியாது. ஸ்கேனர் சேர்ந்த பெரிய ஆபீஸ் மெஷின்ல இன்னொரு வழி இருக்கு, கேனான்ல "ஆட்டோ அட்ஜஸ்ட் கிரேடேஷன்"னும் ரிக்கோல "ஆட்டோ கலர் கேலிப்ரேஷன்"னும் மெனுல இருக்கும், அது ஒரு டெஸ்ட் பக்கத்தை அடிச்சு குடுக்கும், நீங்க அதையே ஸ்கேனர் கண்ணாடியில வெச்சு பட்டனை அழுத்தினா பேப்பர்ல விழுந்த கலரை பார்த்து திருத்திக்கும். டோனர் மாத்தினா, டிரம் மாத்தினா, சீசன் மாறினா இதை பண்ணுங்க. காலையில ஆன் பண்ணின உடனே பண்ணாம, கொஞ்சம் பக்கம் ஓடி மெஷின் சூடான பிறகு பண்ணுங்க. டிரைவர்ல பேப்பர் டைப்பும் உண்மையை சொல்லுங்க, 75 ஜிஎஸ்எம் போட்டுட்டு தடி பேப்பர்னு வெச்சா டோனரை உருக்கி ஒட்டற ஃபியூசரோட சூடும் வேகமும் மாறிடும், பளபளப்பும் கலரும் சேர்ந்து மாறும்.

கேள்வி: கருப்பு வெள்ளை போட்டோ ரோஸ் கலர் அடிக்குது. என்ன பண்ண? – வாசகி, மதுரை

பதில்: சாம்பலை நாலு டோனரும் கலந்து போடுது, அதுல மெஜந்தா துளி கூடினாலும் ரோஸ் தெரியும். டிரைவர்ல கலர் டேப்ல "நியூட்ரல் கிரேஸ்"னு இருந்தா "பிளாக் ஒன்லி" வைங்க. எழுத்து ஓரத்துல கலர் நூல் மாதிரி தெரிஞ்சா அது வேற பிரச்சினை, நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காரல, மெனுல கலர் ரெஜிஸ்ட்ரேஷன் ஓட்டுங்க.

கேள்வி: கம்பாட்டிபிள் டோனர் போட்டா கலர் மாறுமா? – வாசகர், சேலம்

பதில்: மாறும். டிரைவருக்குள்ள இருக்கற கலர் கணக்கு கம்பெனி டோனரோட நிறமியை வெச்சு போட்டது. கேலிப்ரேஷன் அடர்த்தியை சரி பண்ணும், மெஜந்தாவே கொஞ்சம் வேற மெஜந்தாவா இருந்தா அதை சரி பண்ணாது. பில்லு, சர்க்குலர், பசங்க ப்ராஜெக்ட்டுக்கு தாராளமா போடுங்க. கலர் முக்கியம்னா ஒண்ணு நாலும் ஒரிஜினல், இல்ல நாலும் ஒரே பிராண்ட் கம்பாட்டிபிள், ரெண்டையும் கலக்கறதுதான் கூடாது.

கேள்வி: கலர் அளக்கற மெஷின் வாங்கலாமா? – வாசகர், சிவகாசி

பதில்: மானிட்டர்ல மாட்டற கலரிமீட்டர் வாங்கினா அது மானிட்டரை மட்டும்தான் அளக்கும், பேப்பரை அளக்க ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் வேணும், விலை பல மடங்கு. வாங்கினா ஆர்கில் சிஎம்எஸ்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, பேட்ச் அடிச்சு அளந்து ப்ரொஃபைல் போட்டு குடுக்கும், கமாண்ட் டைப் பண்ணி ஓட்டறது, கொஞ்சம் பொறுமை வேணும். உங்க ஊர்ல காலண்டர் வேலைக்கு ஆஃப்செட் ப்ரூஃப் மாதிரி இந்த ஆபீஸ் பிரிண்ட்டை பார்ட்டிகிட்ட காட்டி கையெழுத்து வாங்கறீங்கன்னா கண்டிப்பா வாங்குங்க, இல்லேன்னா சண்டை வரும். லே-அவுட், எழுத்துப்பிழை பார்க்க மட்டும்தான் பிரிண்ட் எடுக்கறீங்கன்னா வேண்டாம், அந்த காசுக்கு முதல்ல ஒரு நல்ல மானிட்டர் வாங்குங்க.